அழையாமல் வரும் நினைவுகள்

2004 டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை தமிழகக் கரையைத் தாக்கியது. அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நாகை மாவட்டம். தப்பியவர்களில் பலருக்குத் தண்ணீர் வடிந்த பிறகும் அலை ஓயவில்லை. கடல் இரைச்சல் கூடினாலே நெஞ்சு படபடக்கும். கண்ணை மூடினால் அதே காட்சி. விபத்து, வெள்ளம், பாலியல் வன்முறை, போர் என உயிரை உலுக்கிய எதற்குப் பிறகும் இப்படி நேரலாம். பைத்தியம் பிடிக்கிறதோ என்று அஞ்சத் தேவையில்லை.

எப்படி வரும்?

ஒரு வாடை, ஒரு சத்தம் போதும். காட்சி கண்முன் வந்து நிற்கும். சிலருக்குக் கெட்ட கனவாக வரும். சிலருக்கு அந்த இடத்தில், அந்த நிமிடத்திலேயே மறுபடி சிக்கிக்கொண்டது போலத் தோன்றும். வியர்க்கும், மூச்சு வாங்கும், கைகால் நடுங்கும். சின்னக் குழந்தைகள் வாயால் சொல்லாமல், நடந்ததையே திரும்பத் திரும்ப விளையாடுவதும் உண்டு.

ஏன் வருகிறது?

பேராபத்தின்போது, அச்சத்தைக் கையாளும் அமிக்டலா என்ற மூளைப் பகுதி உச்சத்தில் வேலை செய்கிறது. எங்கே, எப்போது என்று நிகழ்வை ஒழுங்குபடுத்தும் ஹிப்போகாம்பஸ் அந்த நெருக்கடியில் தடுமாறுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். இதனால் அந்த நினைவு, தேதி முத்திரை விழாத கடிதம் போலாகிவிடுகிறது. பழையது என்று தெரியாமல், இப்போதுதான் நடக்கிறது என மூளை உடலை உஷார்படுத்துகிறது.

‘மறந்துடு’ என்று சொல்லலாமா?

வீட்டார் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அழுத்த அழுத்த நினைவு மேலே வரும். கடற்கரைப் பக்கமே போகாமல் இருப்பது அன்றைக்கு நிம்மதி. நாளடைவில் அச்சம்தான் வளரும். குடியும், மருத்துவர் சொல்லாமல் போடும் தூக்க மாத்திரையும் நிலைமையைக் கெடுக்கும். நடந்ததை விலாவாரியாகச் சொல்லும்படி வற்புறுத்தவும் கூடாது. பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் கூட இருங்கள்.

நினைவு தாக்கும்போது

• பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றுங்கள்.
• இன்றைய தேதியையும் இருக்கும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லுங்கள்.
• கண்ணில் படும் 5 பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்.
• மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.
• அருகில் இருப்பவர் பெயர் சொல்லி அழைக்கலாம். திடீரென்று தொட வேண்டாம்.

எப்போது மருத்துவரைப் பார்ப்பது?

முதல் சில வாரங்களுக்கு இது இயல்பு. பலருக்குத் தானாகக் குறையும். ஒரு மாதம் கடந்தும் நீடித்து, தூக்கமும் வேலையும் உறவும் கெட்டால் பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலப் பாதிப்பாக இருக்கலாம். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதைத் தனி நோயாக வகைப்படுத்தியது. அதிர்ச்சி நினைவுகளுக்கென்றே அமைந்த சிந்தனை-நடத்தை சிகிச்சையும், கண் அசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறையும் நல்ல பலன் தருகின்றன. தேவைப்பட்டால் மருத்துவர் மாத்திரையும் தருவார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் 14416, இலங்கையில் 1926 எண்ணை அழைக்கலாம்.

சிகிச்சை நடந்ததை அழிக்காது. அது முடிந்துபோன ஒன்று என்று மனதுக்குப் புரியவைக்கும். சம்பவம் நடந்து எத்தனை வருடமாகியிருந்தாலும் சிகிச்சையைத் தொடங்கலாம்.