பெலேவுக்கு ஃப்ளெக்ஸ்: எத்தனை கோல் என்று போடுவது?

டிசம்பர் 29, பெலேவின் நினைவு நாள். 2022-இல் அவர் மறைந்த பிறகு, அந்தத் தேதி நெருங்கினால் மதுரையின் காளவாசல், பெத்தானியாபுரம், எஸ்.எஸ். காலனி பக்கத்துக் கால்பந்து ரசிகர்களிடமிருந்து ஒரே மாதிரிக் கடிதம் வருகிறது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் டிசைன் கேட்டு அவசரப்படுத்துகிறார். படம் ரெடி, வாசகம் ரெடி, எண்தான் இடிக்கிறது. ஒரு இடத்தில் 1,283 என்றிருக்கிறது, இன்னொன்றில் 767, மற்றொன்றில் 757. ஒரே ஆளுக்கு எப்படி மூன்று கணக்கு?

மூன்று உலகக் கோப்பை, உலகக் கோப்பையில் 12 கோல். இவற்றில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை மொத்தக் கணக்கில்தான்.

முதலில் 757. சான்டோஸ் கிளப்புக்கு 643, பிரேசில் அணிக்கு 77, நியூயார்க் காஸ்மோஸுக்கு 37. கூட்டினால் வந்துவிடும். இவை ‘அதிகாரப்பூர்வ’ கோல்கள். கோப்பையையும் பதிவேட்டையும் கையில் வைத்திருக்கும் ஒரு சங்கம், தன்னுடையது என்று ஒப்புக்கொண்ட ஆட்டத்தில் அடித்தவை என்று பொருள். ஆட்டம் கடினமானதா, எதிரணி பலமானதா என்பதெல்லாம் இதில் சேர்த்தி இல்லை. மொய் நோட்டு மாதிரி: பந்தலில் எல்லார் கண்முன்னும் கொடுத்த பணமானாலும் நோட்டில் ஏறவில்லை என்றால் கொடுக்காத கணக்குதான்.

விளைவைப் பாருங்கள். 1964 நவம்பரில் சாவோ பாலோ மாநிலத் தொடரில் பொட்டஃபோகோ என்ற உள்ளூர் அணியை (ரியோவின் பெரிய பொட்டஃபோகோ வேறு) சான்டோஸ் 11-0 என்று அடித்தது. அதில் பெலே மட்டும் எட்டு. எட்டும் கணக்கில் உண்டு. அதே காலத்தில் சான்டோஸ் ஊர் ஊராக, நாடு நாடாகப் போய்க் காசுக்கு ஆடியது. பெலேவைக் காட்டித்தான் கிளப்பின் வண்டி ஓடியது. இன்டர் மிலான் போன்ற ஐரோப்பியப் பெரிய அணிகளோடு அப்படி ஆடிய ஆட்டங்கள் ‘நட்பு ஆட்டம்’. அவற்றில் அடித்த கோல்கள் நோட்டில் இல்லை.

2020 டிசம்பரில் மெஸ்ஸி பார்சிலோனாவுக்காக 644-ஆவது கோலை அடித்து, ஒரே கிளப்புக்கு அதிக கோல் என்ற பெலேவின் சாதனையை முறியடித்ததாகச் செய்தி வந்தது. சான்டோஸ் கொதித்தது. நட்பு ஆட்டங்களில் 448 கோல் இருக்கிறது, சேர்த்தால் 1,091 என்று அறிக்கை விட்டது. கிளப்பின் பெருமை பெலேவின் எண்ணில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

அடுத்த கூத்து 2021-இல். ரொனால்டோ 757-ஐத் தாண்டிவிட்டார் என்று உலகமே எழுதியது. அவரோ உடனே கொண்டாடவில்லை. சாவோ பாலோ மாநில அணிக்காக பெலே அடித்த ஒன்பதையும், ராணுவ அணிக்காக அடித்த ஒன்றையும் தாமே சேர்த்து 767 என்று வைத்துக்கொண்டு, மார்ச்சில் அதையும் தாண்டிய பிறகுதான் சாதனை என்று அறிவித்தார். ஆக 767 என்பது எந்த அலுவலகமும் தந்த எண் இல்லை. போட்டியாளர் ஒருவர் மரியாதைக்காகப் போட்ட கூட்டல். எனக்கு இந்த ஒரு எண் மீதுதான் கொஞ்சம் பிரியம்.

எல்லாவற்றையும் சேர்த்தாலாவது ஒரே எண் வருமா? வராது. கின்னஸ் 1,363 ஆட்டங்களில் 1,279 என்கிறது. பெலே தம் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் 1,283 என்று போட்டுக்கொண்டார்.

பதிவேடு பின்னால் திருத்தப்படும் என்பதுதான் இதில் உறுத்தல். 2010-இல் பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு, 1959 முதல் நடந்த பழைய கோப்பைகளுக்கும் தேசிய சாம்பியன் பட்டம் உண்டு என்று அறிவித்தது. சான்டோஸின் பட்டங்கள் ஒரே நாளில் இரண்டிலிருந்து எட்டாயின. 2023 செப்டம்பரில் நெய்மார் 77-ஐத் தாண்டியபோது அதே கூட்டமைப்பு, பெலே நாட்டுக்காக அடித்தது 95 என்றது. கிளப்புகள், மாநில அணிகளுக்கு எதிரான 18 கோல்களையும் சேர்த்து. ஃபிஃபா கணக்கில் இன்னும் 77தான்.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1977 செப்டம்பர் 24 அன்று காஸ்மோஸ் அணியோடு பெலே கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகானை எதிர்த்து ஆடினார். 2-2, பெலே கோல் அடிக்கவில்லை. மோகன் பகானின் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. 2020 மார்ச்சில் அவர் மறைந்தபோது, இந்தியாவுக்காக 84 ஆட்டம், 65 கோல் என்று இரங்கல் செய்திகள் வந்தன. அதிகாரப்பூர்வ கோல் கணக்கு அதில் பாதியைக்கூட எட்டாது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகக் கேப்டனாக அவர் அடித்த கோலும், ஹங்கேரிக்கு எதிராகத் துளசிதாஸ் பலராம் அடித்த கோலும் ஃபிஃபாவின் சர்வதேச ஆட்டக் கணக்கில் இல்லை. அந்த ஒலிம்பிக் ஆட்டங்களே அதில் சேராது. பெலே போய் இரண்டு மாதம் முடிவதற்குள், 2023 பிப்ரவரி 16 அன்று பலராமும் போனார். அவருக்கு ஃப்ளெக்ஸ் வைப்பது பற்றி ஒரு கடிதமும் இதுவரை வரவில்லை.

என் தீர்ப்பு: ‘1,283 கோல்கள் (நட்பு ஆட்டங்கள் உட்பட)’ என்று போடுங்கள். அடைப்புக்குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். இடம் போதாவிட்டால் கோல் எண்ணையே எடுத்துவிட்டு ‘3 உலகக் கோப்பை’ என்று போடலாம். அதை யாரும் திருத்த மாட்டார்கள்.

மற்ற கேள்விகள் சுருக்கமாக.

பிறந்த தேதி எது? 1940 அக்டோபர் 23 என்று போடுங்கள்; சான்றிதழில் 21 என்று தவறாக ஏறிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஆயிரமாவது கோல்? 1969 நவம்பர் 19, மரக்கானா மைதானம், வாஸ்கோ ட காமா அணிக்கு எதிராகப் பெனால்டி.

கடைசி ஆட்டம்? 1977 அக்டோபர் 1. ஒரு பாதி காஸ்மோஸுக்கு, மறுபாதி சான்டோஸுக்கு.

ஒவ்வொரு நாடும் ஒரு மைதானத்துக்கு பெலே பெயர் வைக்க வேண்டும் என்று ஃபிஃபா தலைவர் கேட்டாரே, மதுரையில் வைப்பார்களா? ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு ஏற்கெனவே எம்.ஜி.ஆர். பெயர் இருக்கிறது.

ஃப்ளெக்ஸுக்கு அனுமதி வேண்டுமா? வேண்டும், மாநகராட்சியிடம். 2019-இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் உயிரிழந்தார். சாலையின் நடுவிலும் மேம்பாலத்திலும் கட்டாதீர்கள்.