மறதியுறும் மூத்தோரும் வாய்ச் சுத்தமும்



வயதுக்கு இயல்பானதைவிட மறதி மிகுந்திருப்பினும், அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையை இலேசான அறிதிறன் குறைபாடு என மருத்துவர்கள் அழைப்பர். இந்நிலையிலுள்ள உம்மாவோ வாப்பாவோ தொழுகையைத் தவறவிடாதிருக்கலாம். ஆயினும் பல் துலக்கினோமா என்பதை மறந்துவிடக்கூடும்.

பராமரிப்பற்ற வாயில் பற்களும் முரசும் நோவெடுக்கும். மெல்ல இயலாதவர் இறைச்சியையும் காய்கறிகளையும் ஒதுக்கி மெலிவார். வாய் நாற்றத்துக்கு நாணிப் பள்ளிவாசலையும் உறவினரையும் தவிர்ப்பார். சில மருந்துகள் உமிழ்நீரைக் குறைப்பதால் பற்சிதைவும் விரைவடையும். நாமோ, "வயதாகிவிட்டது" என்று வாளாவிருந்துவிடுகிறோம்.

செய்யவேண்டியவை எளியனவே. பற்தூரிகையையும் புளோரைட் பற்பசையையும் வுழூச் செய்யுமிடத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். சுபஹுக்கு எழுந்ததும், இஷாவின் பின் உறங்குமுன்னும் 2 நிமிடங்கள் துலக்கட்டும். "துலக்கினீர்களா?" என விசாரணை செய்யாது, அருகில் நின்று நீங்களும் துலக்குங்கள். பொய்ப்பற்களை இரவில் கழற்றிக் கழுவி நீரில் இட உதவுங்கள். நோவு எங்கே என்று அவர்களால் சொல்ல முடிகின்ற இக்காலத்திலேயே பல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி நோயின்போது மிஸ்வாக் குச்சியை நோக்கினார்கள். அப்பார்வையின் பொருளை உணர்ந்த அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள், அதனை மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். வாய்விட்டுக் கேளாமலே தேவையறிந்து உதவிய அம்முன்மாதிரி நம் இல்லங்களிலும் நிலைக்கட்டும்.