மரகதத்துக்கு எண்ணெய் ஊட்டுவது ஏன்?

கிரானைட் வகைப் பாறைக்குழம்பு இறுகும்போது எஞ்சும் திரவத்தில் பெரிலியம் சேரும். மரகதத்துக்கு அது மட்டும் போதாது. பச்சை நிறம் தரும் குரோமியமோ வனேடியமோ வேறு வகைப் பாறையிலிருந்து வர வேண்டும். இரண்டும் சந்திப்பது அபூர்வம். சேலம் மாவட்டச் சங்ககிரிப் பகுதியில் அது நடந்திருக்கிறது.

இப்படிப் பிறக்கும் கல்லில் நுண்விரிசல்கள் சகஜம். அவற்றில் எண்ணெய் புகுந்தால், அதன் ஒளிவிலகல் கல்லின் ஒளிவிலகலை நெருங்குவதால் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. சூடும், நகையைச் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் கருவியும் அந்த எண்ணெயை வெளியேற்றிவிடும். கடினத்தன்மை 7.5 முதல் 8 வரை இருந்தாலும், விரிசலுள்ள கல் அடிபட்டால் உடையும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த மென்துணியால் துடைத்துத் தனிப் பையில் வையுங்கள்.