மின்னேற்றமும் முன்னெச்சரிக்கையும்

கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவை அறியாத தமிழ் மாணவர் திருவனந்தபுரத்தில் இருக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், திருவிதாங்கூர்த் திவானாக விளங்கிய இராஜா கேசவதாசரின் முயற்சியால் எழுந்த அங்காடி அது. ஊரிலிருந்து வந்து விடுதியில் பெட்டியை இறக்கி வைத்ததும், பாயும் வாளியும் வாங்க நாம் சென்ற இடமும் அதுவே. அங்கே தமிழில் விலை கேட்டால் தமிழிலேயே விடை கிடைக்கும்.

அத்தெருவின் சந்து ஒன்றிலுள்ள சிறு கடையில் ஓர் அண்ணாச்சி பேட்டரிகளைப் பழுதுபார்த்தும் வாடகைக்கு விட்டும் வந்தார். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கி வைக்க, அவரிடமிருந்து 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வாங்கி வந்தோம். மின்னேற்றியை வேறோரிடத்தில் இரவல் வாங்கினோம். விழாவுக்கு முந்தின இரவு, சாமான்கள் வைக்கும் சிற்றறையில் பேட்டரியை வைத்து, மின்னேற்றியை மாட்டிக் கதவைச் சாத்திவிட்டுக் கோலம் போடச் சென்றுவிட்டோம். விடியற்காலையில் நண்பர் ஒருவர் அறைக்குள் சென்று, சுவிட்சை அணைக்காமலேயே பேட்டரியின் முனையிலிருந்த கவ்வியை இழுத்தார். அடுத்த கணம் அதிர்வெடி போட்டாற்போல் ஓசை எழுந்தது. பேட்டரியின் மேல்மூடி பிளந்து, அமிலம் அவர் முகத்திலும் சட்டையிலும் தெறித்தது.

அவர் கண்ணாடி அணிபவர். வாசலிலேயே தண்ணீர்க் குழாயும் இருந்தது. இவ்விரண்டுமே அவர் கண்களைக் காத்தன. மறுவாரம் துவைத்து எடுத்தபோது அவர் சட்டை சல்லடையாகக் கிடந்தது.

உடைந்த பேட்டரியைச் சுமந்துகொண்டு தலைகுனிந்து சாலைக்குச் சென்றோம். அண்ணாச்சி விலையைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "சுவிட்சை அணைச்சிட்டா மக்களே கழட்டுனீங்க?"

அக்கேள்வியின் பொருள் அன்று எங்களுக்கு விளங்கவில்லை. இயற்பியல் பயிலும் மாணவர் இருவர் எங்கள் கூட்டத்தில் இருந்தும் விளங்கவில்லை! அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேட்டரிக்குள் நடப்பது யாது?

காரீய அமில மின்கலத்தை 1859-ஆம் ஆண்டில் கண்டுபிடித்தவர் பிரெஞ்சு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே. எடிசனின் மின்விளக்குக்கும் இருபது ஆண்டுகள் மூத்தது அது. இன்றும் ஆட்டோவிலும் காரிலும், மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் இன்வெர்ட்டரிலும் அதுவே உழைக்கிறது.

ஒவ்வொரு மின்கலத்திலும் இருவகைத் தகடுகள் உள்ளன. நேர்த்தகட்டில் பழுப்பு நிறமான காரீய டையாக்சைடும், எதிர்த்தகட்டில் பஞ்சு போன்ற காரீயமும் இருக்கும். இரண்டும் நீர்த்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கும். நாம் மின்சாரத்தை எடுக்க எடுக்க இருவகைத் தகடுகளும் காரீய சல்பேட்டாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் மிகுகிறது. மின்னேற்றும்போது இம்மாற்றம் தலைகீழாக நடந்து தகடுகள் பழைய நிலையை அடைகின்றன.

இதனால்தான் அமிலத்தின் ஒப்படர்த்தியைக் கொண்டு பேட்டரியின் நிலையைச் சொல்ல முடிகிறது. நிறைவாக மின்னேறிய கார் பேட்டரியில் அது 1.26 முதல் 1.28 வரை இருக்கும், வெறுமையானதில் 1.12 அளவுக்கு இறங்கிவிடும். அண்ணாச்சியின் கையிலிருந்த ரப்பர்க் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாய், இதனை அளக்கும் ஹைட்ரோமீட்டரே.

ஒரு மின்கலம் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு மின்கலங்கள் வரிசையாகச் சேர்ந்தால் 12.6 வோல்ட். அதனையே நாம் 12 வோல்ட் பேட்டரி என்கிறோம்.

வெடித்தது எது?

மின்னேற்றி, சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தைக் குறைந்த வோல்ட்டுள்ள நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. பேட்டரி நிறையும் தறுவாயில், மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை ஒட்டி உயரும்போது, உள்ளே புதியதொரு வேலை தொடங்குகிறது. மாற்றுவதற்குத் தகட்டில் சல்பேட்டு குறைந்துபோன நிலையில், மின்சாரம் நீரையே பிரிக்கிறது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் குமிழிகளாக மேலெழுகின்றன. "பேட்டரி கொதிக்கிறது" என்று கடைக்காரர்கள் சொல்வது இதனையே.

இங்கே சிறிது கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிறைந்த பேட்டரிக்கு மேலும் மின்னேற்றினால், ஓர் ஆம்பியர்-மணிக்கு ஒரு மின்கலம் ஏறத்தாழ 0.42 லிட்டர் ஹைட்ரஜனை வெளிவிடும். ஆறு மின்கலமுள்ள பேட்டரியில் 15 ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறத்தாழ 38 லிட்டர் ஆகிறது. காற்றில் ஹைட்ரஜன் நூற்றுக்கு 4 பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும் கலவையாகிவிடும். பத்தடி நீள அகல உயரமுள்ள அறையில் ஏறத்தாழ 28,000 லிட்டர் காற்று உண்டு. அதில் 38 லிட்டர் கலந்து பரவினால் கேடில்லை. ஆனால் அதே பேட்டரியை 200 லிட்டர் கொள்ளும் மர அலமாரிக்குள் வைத்து மூடினால், 8 லிட்டரிலேயே எல்லை எட்டிவிடும். அதற்குக் கால்மணி நேரம்கூட வேண்டியதில்லை!

எனினும் எங்கள் நண்பரைத் தாக்கியது அறைக்காற்று அன்று. பேட்டரிப் பெட்டியினுள்ளே, அமிலத்தின் மேல்மட்டத்துக்கும் மூடிக்கும் இடையில் சிறு வெற்றிடம் இருக்கிறது. கொதிக்கும் பேட்டரியில் அவ்விடம் முழுவதும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்த கலவை. பேட்டரியின் முனைகளோ அதற்குச் சில அங்குல தூரத்தில் உள்ளன. மின்னோட்டம் பாயும்போது கவ்வியை இழுத்தால் தீப்பொறி எழுகிறது. அப்பொறி துளை வழியே வெளிவரும் வாயுவைப் பற்றி உள்ளே செல்லுமானால், பெட்டியே குண்டாகிவிடுகிறது. அண்ணாச்சி கேட்ட கேள்வியின் பொருள் இதுதான்.

இது அறியாத மாணவர்க்கு மட்டும் நேரும் விபத்தன்று. 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் நின்றிருந்த சிந்துரக்ஷக் என்னும் நம் கடற்படை நீர்மூழ்கிக் கப்பலின் பேட்டரி அறையில் தீ மூண்டு, மாலுமி ஒருவர் உயிரிழந்தார். பழுதுற்ற அடைப்பிதழ் ஒன்றின் வழியே ஹைட்ரஜன் கசிந்ததே காரணம் என்று கடற்படை அறிவித்தது. பயிற்சி பெற்றோர் நிறைந்த இடத்திலேயே இவ்வாறெனில், நம் விடுதி அறையில் எவ்வளவு விழிப்பு வேண்டும்!

செய்யும் முறை

முதலாவது, இடம். பேட்டரியைக் காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் சமமான தரையில் வையுங்கள். ஹைட்ரஜன் காற்றினும் மிக இலேசானது, மேலே ஏறும். ஆகவே உயரத்திலுள்ள சன்னலோ காற்றுத்துளையோ திறந்திருக்க வேண்டும். அருகில் பீடி, சிகரெட், ஊதுவத்தி, அடுப்பு எதுவும் ஆகாது. மின்னேற்றியைப் பேட்டரியின் மேல் வைத்தல் கூடாது. கம்பியின் நீளம் இடங்கொடுக்கும் மட்டும் தள்ளி வைக்க வேண்டும். மழைச்சாரல் படும் திண்ணையும் வேண்டாம். மின்னேற்றியை வீட்டு மின்சாரத்தில் இணைக்க, புவியிணைப்புள்ள மூன்றுமுனைச் செருகியே தகுந்தது.

இரண்டாவது, பொருத்தம். பேட்டரியின் வோல்ட்டும் மின்னேற்றியின் வோல்ட்டும் ஒன்றாயிருக்க வேண்டும். மின்னோட்டம், பேட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு என்பது பொதுவான கணக்கு. 150 ஆம்பியர்-மணியுள்ள இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 15 ஆம்பியர். 7 ஆம்பியர்-மணியுள்ள சிறு பேட்டரிக்கு 0.7 ஆம்பியர். மூடி முத்திரையிட்ட வகைக்கு அதற்கென உரிய மின்னேற்றியே வேண்டும். அதில் இழந்த நீரை மீண்டும் ஊற்ற வழியில்லை. பக்கம் உப்பியதையும் வெடிப்பு விட்டதையும் மின்னேற்றவே வேண்டாம்.

மூன்றாவது, உடல். மோதிரம், கைக்கடிகாரம், காப்பு ஆகியவற்றைக் கழற்றி வையுங்கள். ஸ்பானரோ மோதிரமோ இரு முனைகளையும் தொட்டு இணைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும்; உலோகம் கணத்தில் பழுத்துவிடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடியும் கைக்கு ரப்பர் உறையும் அணிவது அறிவுடைமை.

நான்காவது, வரிசை. இதுவே உயிர்நாடி. சுவிட்சு அணைந்திருக்கையில் சிவப்புக் கவ்வியை நேர்முனையிலும் கறுப்புக் கவ்வியை எதிர்முனையிலும் மாட்டுங்கள். இரண்டும் உறுதியாகக் கவ்விய பின்னரே சுவிட்சைப் போடுங்கள். முடிந்ததும் முதலில் சுவிட்சை அணையுங்கள். வாயு கலைந்துபோகச் சிறிது நேரம் விட்டு, அதன் பின்னர்க் கவ்விகளைக் கழற்றுங்கள். பேட்டரி வண்டியிலேயே இருந்தால், எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருப்பது வழக்கம். அப்பொழுது கறுப்புக் கவ்வியைப் பேட்டரிக்குத் தொலைவில், வண்டியின் உடலிலுள்ள கெட்டியான இரும்புப் பகுதியில் மாட்டுவது நலம். பொறி எழுந்தாலும் வாயுவுக்கு எட்டாது.

ஐந்தாவது, கண்காணிப்பு. மின்னேற்றிவிட்டு உறங்கச் செல்லாதீர்கள். தொட்டால் கை பொறுக்காத சூடு ஏறினாலும், அழுகிய முட்டை நாற்றம் வந்தாலும் பேட்டரியைத் தொடாமல் மின்சாரத்தை நிறுத்தி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயுவுடையது. சிறிது நேரத்தில் அது மோப்ப உணர்வையே மரக்கச் செய்யும். நாற்றம் போய்விட்டதெனக் கருதி உள்ளே நுழைவது பேதைமை.

நீரும் அமிலமும்

நீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதுவும் ஊற்றலாகாது. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். மின்னேற்றிய பின் அமிலமட்டம் உயருமாதலால், ஏற்றி முடித்த பிறகே நீரை நிறைவு செய்ய வேண்டும். முன்னரே தகடுகள் வெளியே தெரிந்தால், அவை மூழ்குமளவு மட்டும் ஊற்றலாம். மட்டம் குறைவதற்குக் காரணம் நீர் போவதே; ஆகவே அமிலத்தைச் சேர்ப்பது தவறு.

அமிலம் தரையில் சிந்தினால் சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பின் கழுவலாம். தோலில் பட்டால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் பட்டாலோ, இமைகளை விரித்துப் பிடித்துத் தூய நீரால் பதினைந்து நிமிடமாவது இடைவிடாமல் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சோடாவைக் கண்ணில் இடவே கூடாது. நம் நகரில் அரசுக் கண் மருத்துவமனை இருக்கிறது. ஆயினும் அங்கே ஓடுமுன் அருகிலுள்ள குழாய்க்கு ஓடுங்கள். அமிலம் கண்ணைக் கெடுக்க, ஆட்டோ வந்து சேரும் நேரமே போதும்.

வேலை முடிந்ததும் சோப்பிட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணாதீர்கள், காரீயம் நஞ்சு. பழைய பேட்டரியை உடைக்கவோ குப்பையில் எறியவோ வேண்டாம். விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்தால் விலையில் ஒரு பகுதி குறையும். அவ்வாறு திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை, 2022-இல் நடுவண் அரசு வகுத்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்மேல் சுமத்தியுள்ளன.

நண்பர்களே! இத்தனையும் நினைவில் நில்லாவிடினும் ஒன்று நிற்கட்டும்: மாட்டிய பின் சுவிட்சு, அணைத்த பின் கழற்றல். இதனை ஓர் அட்டையில் எழுதி, மன்ற அறையில் மின்னேற்றி வைக்கும் அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம். சட்டை சல்லடையான நண்பரே தம் கையால் எழுதிய அட்டை அது. இவ்வாண்டுப் பொங்கல் விழாவுக்கு ஒலிபெருக்கிப் பொறுப்பை ஏற்போர், அதனைப் படித்த பிறகு அலமாரியைத் திறப்பார்களாக.