உங்களுக்குத் தெரியுமா? நெட் மெதுவாவதற்கான தடயத்தைக் கணினியே எண்ணி வைத்திருக்கிறது!

கிராமங்களுக்கு இணையம் தரும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு தரும் பொறுப்பு மாநில அரசு நிறுவனமான டான்ஃபினெட்டுடையது. அரியலூர் மாவட்டத்தின் 201 ஊராட்சிகளும் அதில் அடக்கம்.

சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் லாரிகளும் நிறைந்த மாவட்டம் இது. மேசையில் விரலால் கோடு போட்டால் பதியும் அளவுக்குத் தூசி. ஒளி பயணிக்கும் இழையின் நடுப்பகுதியோ சுமார் 9 மைக்ரான்தான், தலைமுடியின் தடிமனில் ஏழெட்டில் ஒரு பங்கு. இணைப்பு முனையில் ஒரு துகள் ஒட்டினாலே ஒளி மங்கலாம், இணையத்தில் தகவல் போகும் சிறு பொட்டலங்கள் சிதையலாம்.

சிதைந்த பொட்டலத்தை வாங்கும் கருவி அதைத் தூக்கி எறிந்துவிடும். பதில் வராததால், அனுப்பிய கணினி அதையே மறுபடி அனுப்பும். திரையில் நமக்குத் தெரிவது சுற்றிக்கொண்டே இருக்கும் வட்டம் மட்டும். ஆனால் இப்படித் தான் மறுபடி அனுப்பியது எத்தனை என்பதை நம் கணினி எண்ணி வைக்கிறது.

விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'நெட்ஸ்டாட் -எஸ்' என்ற கட்டளையை ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். டிசிபி பகுதியில் 'செக்மென்ட்ஸ் ரீட்ரான்ஸ்மிட்டட்' என்ற வரி வரும். அது கணினியை இயக்கியதிலிருந்து மறுபடி அனுப்பிய பொட்டலங்களின் மொத்தம். தனியாக அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, எவ்வளவு கூடியது என்று கழித்துப் பாருங்கள். அனுப்பியவற்றைக் காட்டும் 'செக்மென்ட்ஸ் சென்ட்' வரி கூடியதோடு அதை ஒப்பிடுங்கள். நூறில் ஐந்தாறு என்று இருந்தால் வழியில் எங்கோ கோளாறு. இழைதான் காரணமா, வைஃபையா, நெரிசலா என்று அடுத்துத் தேட வேண்டும்.

புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். இந்த இரண்டு எண்களையும் நேரத்தோடு எழுதிக் கொடுங்கள்.