கோடிங் பழக எந்த எடிட்டர்?

பொறியியல் கல்லூரியில் சி படித்த பலருக்கும் அந்த நீலத் திரை நினைவிருக்கும். போர்லாண்ட் நிறுவனத்தின் டர்போ சி++. டாஸ் காலத்து மென்பொருள். இன்றைய 64 பிட் விண்டோஸில் நேரடியாக ஓடாது. டாஸ்பாக்ஸ் என்ற போலி டாஸுக்குள் வைத்து ஓட்ட வேண்டும். சி++ மொழிக்கு சர்வதேசத் தரம் வந்தது 1998-இல். டர்போ அதற்கும் முந்தியது. திரையைத் துடைக்கும் கட்டளை, விடை மறைந்துவிடாமல் நிறுத்தி வைக்கும் கட்டளை என்று அதில் பழகிய சில, மொழியின் தரத்திலேயே இல்லாதவை. அவற்றை மனப்பாடம் செய்தவர் வேறு கம்பைலருக்குப் போனால் முதல் நாளே பிழைகள் வரிசை கட்டும். கோளாறு தன் மூளையில்தான் என்று நினைத்துக்கொள்வார், பாவம்.

அதற்காக டர்போவை இகழ வேண்டாம். அதன் மூத்தது டர்போ பாஸ்கல், 1983-இல் 49.95 டாலருக்கு வந்தது. எழுதுவது, கம்பைல் செய்வது, பிழை இருக்கும் வரியில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் ஒரே இடத்தில். அதை உருவாக்கிய ஆண்டர்ஸ் ஹைல்ஸ்பெர்க் பின்னாளில் மைக்ரோசாஃப்ட்டில் டைப்ஸ்கிரிப்ட் மொழியை வடிவமைத்தார். இன்று உலகமே புழங்கும் விஎஸ் கோட் பெரும்பாலும் அந்த டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டது. நீலத் திரைக்கு அது தூரத்துச் சொந்தம்!

எடிட்டர் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நெருக்கடியில் பிறந்தது. பில் ஜாய் 1976 வாக்கில் பெர்க்லியில் விஐ எழுதியபோது, தொலைபேசி இணைப்பு ஆமை வேகம். அவர் பயன்படுத்திய டெர்மினலில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் கிடையாது. எச், ஜே, கே, எல் விசைகளின் மேல்தான் அவை அச்சிடப்பட்டிருந்தன. விஐயின் வாரிசான விம்மில் இன்றும் கர்சரை நகர்த்த அதே நான்கு எழுத்துகள். புதியவருக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியும். ஆனால் தொலைவில் உள்ள லினக்ஸ் சர்வருக்குள் நுழைந்தால் பெரும்பாலும் கிடைப்பது விஐதான். வெளியே வரும் வழியாவது தெரிந்திருக்கட்டும்: எஸ்கேப், கோலன், கியூ, ஆச்சரியக்குறி, என்டர். மாற்றியவை சேமிக்கப்படாது, தப்பித்து வந்துவிடலாம்.

முன்பெல்லாம் எந்த எடிட்டருக்கு எந்த மொழி புரியும் என்பதே பெரிய சண்டை. 2016-இல் லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால் வந்தபின் அந்தச் சண்டைக்குச் சாரமில்லை. மொழியறிவு தனி நிரலாக ஓடுகிறது. விம், ஈமாக்ஸ், விஎஸ் கோட் எதுவானாலும் அதனிடம் கேட்டுக்கொள்ளலாம். ஆகவே எது கெட்டிக்கார எடிட்டர் என்று கேட்பதைவிட, உங்கள் கணினி எதைத் தாங்கும், நீங்கள் கற்க வேண்டிய எதை அது மறைக்கிறது என்று கேட்பதே சரி.

விஎஸ் கோட் எலெக்ட்ரானில் ஓடுவது. அதாவது உள்ளே ஒரு குரோமியம் பிரவுசரையே சுமக்கிறது. 4 ஜிபி ராம் உள்ள பழைய மடிக்கணினியில் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் திணறும். அங்கே ஜீனி, நோட்பேட்++ போதும். பைத்தான் தொடங்குவோருக்கு எஸ்டோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் பிறந்த தானி. நிரல் ஒவ்வொரு அடியாக ஓடுவதையும் மாறிகளின் மதிப்பு மாறுவதையும் கண்ணெதிரே காட்டும். என் ஓட்டு அதற்கே. ஆண்ட்ராய்டு செயலி என்றால் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ; அதற்குக் குறைந்தது 8 ஜிபி ராம் வேண்டும்.

முதல் சில மாதங்கள் கம்பைல் கட்டளையைக் கையாலேயே அடிப்பது நல்லது. பொத்தானை மட்டும் அழுத்திப் பழகியவருக்கு, அது வேலை செய்யாத நாளில் எங்கே தேடுவது என்றே தெரியாது. வரி வரியாக முடித்துக் கொடுக்கும் ஏஐ உதவியையும் அதுவரை அணைத்து வையுங்கள்.

எந்த எடிட்டரும் நிரந்தரமில்லை என்பதும் நினைவிருக்கட்டும். எலெக்ட்ரானே ஆட்டம் என்ற எடிட்டருக்காக கிட்ஹப் உருவாக்கியதுதான். 2018-இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டம் மூடப்பட்டது. அதையே நம்பியிருந்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று.

தமிழ்த் தரவோடு வேலை செய்பவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. முடிவு செய்யுமுன் 'கொ' என்று ஒருமுறை அடித்துப் பாருங்கள். டெர்மினலில் ஓடும் எடிட்டர்கள் பலவற்றில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்து சிதறும்; கர்சர் நிற்கும் இடமும் தவறும். அப்போது டெர்மினலை மாற்றிப் பார்க்கலாம், அல்லது தனி ஜன்னலில் திறக்கும் எடிட்டருக்குப் போய்விடலாம்.