செவியால் படிக்கும் பிள்ளைகள்

கல்வியைக் கண்ணுக்கு ஒப்பிட்டார்கள் நம் முன்னோர். அங்ஙனமாயின், புறக்கண் இழந்த பிள்ளைக்குக் கல்வி எத்துணை இன்றியமையாதது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

நம் நாட்டில் 1945 ஆம் ஆண்டு முதல் கல்வி இலவசம். 1980 ஆம் ஆண்டு முதல் பாடநூலும் இலவசம். இன்று கல்வி வெளியீட்டுத் திணைக்களம் அந்நூல்களை இணையத்தளத்திலும் வைத்திருக்கிறது. கிருலப்பனையில் உள்ள மாணவனும் கிளிநொச்சியில் உள்ள மாணவியும் நூலுக்கென ஒரு சதமும் கொடாமல் அவற்றைப் பெறலாம். ஆயினும், இலவசமாகக் கிடைப்பதெல்லாம் எல்லோர்க்கும் பயன்படுகின்றதா?

பார்வையற்ற மாணவர் கணினியில் உள்ளதைச் செவியால் படிக்கின்றனர். திரையில் உள்ள எழுத்தை உரக்க வாசிக்கும் மென்பொருள்கள் உண்டு. அவற்றுள் ஒன்றாகிய என்.வி.டி.ஏ.யை 2006 ஆம் ஆண்டில் ஆக்கத் தொடங்கியவர், தாமும் பார்வையற்றவராகிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன். அது விலையின்றிக் கிடைக்கிறது, தமிழையும் வாசிக்கும்.

இடையூறு கோப்பில்தான் இருக்கிறது. பக்கங்களைப் படம்பிடித்துச் சேர்த்த கோப்பு அம்மென்பொருளுக்கு வெறும் படமே. அதில் வாசிக்க எழுத்தில்லை. 'பாமினி' போன்ற பழைய எழுத்துருவில் அமைந்த கோப்போ இன்னும் விந்தையானது. அதில் 'அம்மா' என்று நம் கண்ணுக்குத் தெரிவது, கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஆங்கிலக் குறிகளின் கோவையே. தாயைக் குறிக்கும் சொல்லைக் கேட்க விழைந்த பிள்ளையின் செவியில் பொருளற்ற ஒலியே விழும்! யுனிகோட் முறையில் செவ்வனே அமைத்த நூலில் இத்தொல்லை இல்லை.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. பார்வையற்றோர் படிக்கத்தக்க வடிவில், பதிப்புரிமை உடையவரின் இசைவின்றியே நூலை ஆக்க வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013 இல் நிறைவேறியது. இலங்கை 2016 இல் அதில் இணைந்தது. எஞ்சியிருப்பது உழைப்பே.

வாசகரே, வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பாடநூற் கோப்பில் ஒரு வரியைப் பிரதிசெய்து, கணினியில் வேறிடத்தில் ஒட்டுங்கள். தமிழாகவே விழுந்தால் நன்று. ஆங்கிலக் குறிகளாக விழுந்தாலோ, வரியைத் தெரிவுசெய்யவே இயலாவிட்டாலோ, அது பார்வையற்ற பிள்ளைக்கு மூடிய நூலே.

அதனைத் திறப்பதும் அரிதன்று. மூத்த மாணவர் ஒருவர் ஒரு பாடத்தை யுனிகோட்டில் தட்டச்சுச் செய்து, படங்களையும் இரண்டொரு வரிகளில் விளக்கி எழுதிக் கொடுப்பாராயின், உடன் பயிலும் தோழன் பிறர் வாசித்துக் காட்டும் வரை காத்திராமல், தானே பாடத்தைப் படித்துப் பரீட்சைக்குச் செல்வான். அதனினும் நல்ல அறம் வேறுண்டோ?